தேர்ந்தெடுத்த சொல் மட்டும் தடிக்க வேண்டுமா?

கேள்வி: பைத்தானில் டிகின்டர் (சாளரம், பொத்தான் போன்றவற்றை உருவாக்கும் நூலகம்) கொண்டு ஒரு குறிப்பேட்டுச் செயலி எழுதிவருகிறேன். சுட்டியால் தேர்ந்தெடுத்த சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்க ஒரு பொத்தான் வைத்தேன். அதை அழுத்தினால் பெட்டியில் உள்ள எல்லாமே தடித்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: பொத்தானுக்குள் 'கான்ஃபிக்' கட்டளையால் ஃபான்ட்டை மாற்றியிருப்பீர்கள். அது பெட்டி முழுவதற்குமான அமைப்பு. தேர்வைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. உங்களுக்கு வேண்டியது டேக், அதாவது எழுத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் ஒட்டி அதன் தோற்றத்தை மாற்றும் பெயர்ச்சீட்டு. ஒருவேளை ஒற்றை வரிக்கான 'என்ட்ரி' பெட்டியைப் பயன்படுத்தியிருந்தால் முதலில் அதை பல வரிகளுக்கான 'டெக்ஸ்ட்' பெட்டியாக மாற்றுங்கள். என்ட்ரியில் டேக் வசதி கிடையாது.

'தடி' என்று ஒரு டேக்கை 'டேக் கான்ஃபிகர்' மூலம் ஒருமுறை வரையறுத்து, தடித்த ஃபான்ட்டை அதற்குக் கொடுங்கள். பொத்தானை அழுத்தும்போது 'டேக் ஆட்' கட்டளையால் அதை 'செல்.ஃபர்ஸ்ட்' (தேர்வின் தொடக்கம்) முதல் 'செல்.லாஸ்ட்' (தேர்வின் முடிவு) வரை ஒட்டினால் போதும். எதையும் தேர்ந்தெடுக்காமல் அழுத்தினால் பிழை எழும்; அதைப் பிழை பிடிக்கும் 'டிரை' கட்டளைக்குள் வைத்து விழுங்கிவிடுங்கள். தேர்வின் முதல் எழுத்தில் அந்த டேக் ஏற்கெனவே இருந்தால் ஒட்டுவதற்குப் பதில் நீக்கச் செய்யுங்கள். அதே பொத்தான் இரண்டு வேலையும் பார்க்கும்.

இடத்தை நீங்களே எண்ணிக் கொடுப்பதானால் கவனம் தேவை. வரிகள் 1-இலிருந்தும் எழுத்துகள் 0-இலிருந்தும் தொடங்குகின்றன. முதல் எழுத்தின் முகவரி 1.0. 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, டிகின்டருக்கோ ஐந்து. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும்.

அடுத்து நீங்கள் சாய்வெழுத்துக்கும் ஒரு பொத்தான் வைப்பீர்கள், அங்கேதான் பலரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஒரே சொல்லில் தடிப்பும் சாய்வும் சேராது. இரண்டு டேக்கும் ஃபான்ட்டையே மாற்றுவதால் பிறகு உருவாக்கிய டேக் வென்றுவிடும். 'தடிசாய்வு' என்று மூன்றாவது டேக் வைப்பதைத் தவிர வழியில்லை. அடிக்கோடும் நிறமும் தனி அமைப்புகள் என்பதால் எதனுடனும் ஒத்துப்போகும். ஆனால் பின்னணி நிறம் கொடுத்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் தேர்வின் நிறம் தெரியாமல் போகலாம். தேர்வைக் காட்ட டிகின்டரே வைத்திருக்கும் 'செல்' டேக்கை 'டேக் ரெய்ஸ்' கொண்டு மேலே தூக்கிவிடுங்கள்.

தடித்த சொல்லின் கடைசியில் தட்டச்சு செய்வது சாதாரண எழுத்தாகவே விழும். புதிய எழுத்துக்கு இருபுறமும் அந்த டேக் இருந்தால்தான் அதற்கும் ஒட்டும். இது பிழையல்ல, அதன் இயல்பே அதுதான்.

சேமிப்பதை இப்போதே யோசித்துவிடுங்கள். பெட்டியில் உள்ளதை எடுக்கும் 'கெட்' கட்டளை வெறும் எழுத்தை மட்டுமே தரும். கோப்பை மீண்டும் திறக்கும்போது அலங்காரம் எதுவும் மிஞ்சாது. 'டேக் ரேஞ்சஸ்' கட்டளை தரும் ஒவ்வொரு டேக்கின் தொடக்க, முடிவு இடங்களையும் உடன் எழுதிவைத்து, திறக்கும்போது அவற்றை வைத்து டேக்குகளை மறுபடி ஒட்டுங்கள்.