“பாப்பம்” எண்டு முடிக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி (களுவாஞ்சிகுடி): மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறாங்க. சீதன வீடு அரைவாசிதான் கட்டியிருக்கு. சின்னவளும் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னா சம்பந்தம் குழம்புமோ?

பதில்: சொல்லாவிட்டால்தான் குழம்பும், அதுவும் கலியாண எழுத்து முடிந்த பிறகு. நம்ம கிழக்கிலங்கைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். “வீடு இருக்கு” என்றால் அவர்கள் நினைப்பது பூச்சு முடிந்து, கரண்ட் எடுத்து, காணி உறுதியும் பெண் பேரில் எழுதிய வீட்டை. ஆகவே எதுவரை கட்டியிருக்கு, மிச்சத்தை யார் எப்ப முடிக்கிறது, உறுதி இப்ப யார் பேரில் என்று பிரித்துச் சொல்லுங்கள். “கூரை போட்டாச்சு, பூச்சு இல்ல. மாரி வேளாண்மை வெட்டினாப்போல ரெண்டு அறை முடிச்சுத் தருவம். குசினி எங்களால ஏலாது.” கடைசி வசனத்தைத்தான் எல்லாரும் விழுங்குகிறார்கள். அந்த இடத்தில் “பாப்பம்” என்று சொன்னால் மற்றப் பக்கம் அதைத் “தருவம்” என்றே எடுக்கும்.

பெண் பார்க்கக் கூட்டமாக வந்த அன்று பேசவேண்டாம். நாள் வைக்கமுதல், தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் தாய் தகப்பனோடு மட்டும் கதையுங்கள். சின்னவளின் பங்கையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிந்திச் சொன்னால் கொடுத்ததைப் பறித்ததுபோல் தெரியும்.

கேள்வி (ஆரையம்பதி): நான் தமிழ். காத்தான்குடி முஸ்லிம் நண்பரும் நானும் ஒரே கந்தோர். கதை 1990 க்குப் போனா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிறம். அந்தக் கதையையே விடுறதா?

பதில்: கதையை விடவேண்டாம், “உங்கட ஆக்கள்” என்ற சொல்லை விடுங்கள். செய்த அமைப்பின் பேரைச் சொல்லலாம், படையின் பேரைச் சொல்லலாம். ஊரின் பேரைச் சொல்லக்கூடாது. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதை அவர் சொல்லும்போது, செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டதை நீங்கள் இழுத்தால் அது துக்கமாக விழாது, பதிலடியாகத்தான் விழும். 2019 மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பும் அப்படித்தான். அவர் முடிக்கட்டும். உங்களுடையதை இன்னொரு நாள் சொல்லுங்கள். தேத்தண்ணிக் கடையில் மட்டும் வேண்டாம். மூன்றாவது ஆள் வந்து குந்தினால் இருவரும் ஊருக்காகக் கதைக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கேள்வி (திருக்கோவில்): மாமிட மகன் 2009 இல காணாமப் போனவர். உதவி விண்ணப்பத்துக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லலாமா?

பதில்: அந்தச் சொல்லோடு தொடங்காதீர்கள். ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் காட்டும் சான்றிதழுக்கு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. இரண்டையும் விளக்கி, முடிவை மாமியிடம் விடுங்கள். அவர் “இருக்கிறான்” என்றால் நீங்கள் “இருந்தான்” என்று திருத்தவேண்டாம். “வருவான் மாமி” என்றும் சொல்லவேண்டாம்.

கேள்வி (கல்முனை): கடன்பட்ட மச்சான் “இனி இருந்து என்ன” எண்டு சொல்றான். தற்கொலையப் பத்தி நேர கேட்டா, இல்லாத எண்ணத்த ஊட்டினமாதிரி ஆகாதா?

பதில்: ஆகாது. தனியே கூட்டிப்போய், “சாகவேணும் எண்டு யோசிக்கிறியா மச்சான்?” என்று அந்தச் சொல்லையே வைத்துக் கேளுங்கள். “விசர்க்கதை கதைக்காத” என்றால் வாயை மூடிவிடுவான். ஓம் என்றால் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கி வைத்த மருந்துப் போத்தல்களை அன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 1926 என்பது தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம். பக்கத்தில் இருந்தே எடுத்துக் கொடுங்கள். கடன் கணக்கை அடுத்த நாள் பார்க்கலாம்.