பூச்சு வேலையை விரட்டாதீர்கள், ஜன்னலைக் கேளுங்கள்: திட்ட மேலாண்மை கேள்வி பதில்

கட்டட வேலையில் பதினைந்து ஆண்டுகள், மென்பொருளில் ஒன்பது ஆண்டுகள் எனத் திட்டங்களை நடத்தியவன் நான். புதிதாகக் கற்க வந்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பி.காம். இறுதியாண்டு மாணவி): ஐயா, முதலில் எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?

பதில்: எதையும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் கல்லூரி விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒருவர் இரண்டு மூன்று நாளில் முடிக்கக்கூடிய துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே ஒருவர் பெயரை எழுதுங்கள். "குழு" என்று எழுதினால் அந்த வேலை நடக்காது. பிறகு எக்செல் போதும்.

கேள்வி (தள மேற்பார்வையாளர்): கிரிட்டிக்கல் பாத் என்பதைப் படித்தும் புரியவில்லை. எல்லா வேலையும் முக்கியம்தானே?

பதில்: முக்கியம்தான், ஆனால் எல்லா வேலையும் வீடு ஒப்படைக்கும் தேதியைத் தள்ளாது. சுவர் எழும்பிய ஒரு வீட்டைப் பாருங்கள். சுவரை வெட்டி மின் குழாய் பதிக்க 4 நாள், பூச்சுக்கு 12 நாள், தரைக்கு 8 நாள், ஆக 24. யுபிவிசி ஜன்னல் இன்றே ஆர்டர் கொடுத்தாலும் பட்டறையிலிருந்து வர 30 நாள். தரை வேலையும் முடிந்து ஜன்னலும் வந்த பிறகு அதைப் பொருத்த 2, பெயின்ட் அடிக்க 7. வீடு முடிய 39 நாள். கொத்தனார் ஐந்து நாள் ஊருக்குப் போய்வந்தாலும் தேதி நகராது. அவருக்கு ஆறு நாள் இடைவெளி இருக்கிறது. ஜன்னல் ஒரு நாள் தாமதித்தால் வீடே ஒரு நாள் தாமதம். இப்படி முடிவுத் தேதியைத் தீர்மானிக்கிற வேலைகளின் வரிசைதான் கிரிட்டிக்கல் பாத். நாம் என்ன செய்கிறோம்? கண்முன் நிற்கிற கொத்தனாரைத்தான் திட்டுகிறோம். நானும் திட்டியிருக்கிறேன், பட்டறைக்கு முன்பணமே போகவில்லை என்பது இருபதாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

1950களின் இறுதியில் டூபான்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைகளுக்காக உருவாக்கிய கணக்கு இது. கணக்கைவிட எனக்குப் பிடித்தது பாம்பன் கதை. 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் கடலில் விழுந்தன. புதிய கர்டர் வரும்வரை காத்திருந்தால் மாதங்கள் ஆகும். இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன், விழுந்தவற்றையே கடலுக்குள்ளிருந்து தூக்கவைத்து 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார். எந்த வேலைக்காக மற்றவை காத்திருக்கின்றனவோ, அந்த வேலையையே மாற்றிவிட்டார்.

கேள்வி (மென்பொருள் சோதனையாளர்): வேலை பின்தங்கிவிட்டது. மேலும் ஐந்து பேரைத் தருவதாக மேலாளர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று கணினி வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் பேச 10 இணைகள்; பத்துப் பேர் என்றால் 45. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போவது உங்களுடைய தேர்ந்த ஆட்கள்தான்; அவர்கள் வேலை அங்கேயே நிற்கும். ஆளுக்குப் பதில், எந்தெந்த அம்சங்களை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளலாம் என்று கேளுங்கள். குழி வெட்டுகிற வேலையானால் தாராளமாக ஆள் வாங்கலாம்.

கேள்வி (உள் அலங்காரத் தொழில் நடத்துபவர்): வாடிக்கையாளர் "சின்ன மாற்றம்தான்" என்று தினமும் ஒன்று சொல்கிறார். மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்.

பதில்: மறுக்காதீர்கள் அம்மா. "செய்யலாம், இத்தனை ரூபாய், இத்தனை நாள் கூடும்" என்று அன்று மாலையே வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் "சரி" என்று பதில் அனுப்பிய பிறகு தொடங்குங்கள். பாதி மாற்றங்கள் அந்தச் செய்தியோடு நின்றுவிடும்.

கேள்வி: திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ் உடனே எடுக்கலாமா?

பதில்: அதை வழங்கும் பிஎம்ஐ என்ற அமெரிக்க அமைப்பு பட்டதாரிக்கே 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவம் கேட்கிறது. புதியவருக்கு அதே அமைப்பின் சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் உண்டு. 23 மணி நேரப் பயிற்சி போதும். கட்டணம் கட்டும் முன் அந்தக் கல்லூரி விழாவை நடத்திப் பாருங்கள். வேலை பிடிக்காமலும் போகலாம்.