கண்ட்ரோல்-சி அடித்தும் என் மல்டித்ரெட் சர்வர் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

லினக்ஸில் சி++ சர்வர், மெயின் த்ரெட் (த்ரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை) அக்செப்ட் செய்கிறது, அதாவது புதிய கனெக்‌ஷனுக்குக் காத்திருந்து ஏற்கிறது, வொர்க்கர் த்ரெட்கள் வேலை பார்க்கின்றன. கண்ட்ரோல்-சி அடித்தால் 'ரன்னிங்' மாறி பொய்யாகிறது, ஆனால் அடுத்த கனெக்‌ஷன் வந்தால்தான் சர்வர் நிற்கிறது. இதுதானே உங்கள் சிக்கல்?

அக்செப்டுக்குள் தூங்குகிற த்ரெட் உங்கள் மாறியை எங்கே பார்க்கப் போகிறது? சிக்னல் (கண்ட்ரோல்-சி அடித்தால் கர்னல் புரோகிராமுக்கு அனுப்பும் அறிவிப்பு) வந்தால் அக்செப்ட் பிழையோடு திரும்பும் என்று நினைத்திருப்பீர்கள். ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) 'சிக்னல்' ஃபங்ஷன் வழியாக ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வைத்தால், அக்செப்ட் தானாகவே மறுபடி தொடங்கிவிடும்.

நானும் ஒரு காலத்தில் குறுக்குவழி பார்த்தேன். வேறொரு த்ரெட்டிலிருந்து எல்லா சாக்கெட்டையும் (கனெக்‌ஷனின் நம் பக்க முனை) க்ளோஸ் செய்தேன். முதலாவது, லினக்ஸில் அப்படி மூடினாலும் தூங்குகிற த்ரெட் எழாது. இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்கியது: மூடிய சாக்கெட்டுக்குக் கர்னல் தந்திருந்த எண் 7, அடுத்துத் திறந்த லாக் ஃபைலுக்கும் அதே 7. வொர்க்கர் ஒன்றுமறியாமல் கிளையண்டுக்கான பதிலை லாக் ஃபைலுக்குள் எழுதிவிட்டது. அன்றிலிருந்து, சாக்கெட்டை வைத்திருக்கும் த்ரெட் மட்டுமே அதை மூட வேண்டும் என்பது என் விதி.

இப்போது நான் செய்வது இது. த்ரெட்களை உருவாக்கும் முன்பே பித்ரெட்_சிக்மாஸ்க் ஃபங்ஷனைக் கொண்டு சிக்இன்ட் (கண்ட்ரோல்-சி அனுப்புவது), சிக்டெர்ம் (நிற்கச் சொல்லி மற்ற புரோகிராம்கள் அனுப்புவது) இரண்டையும் தடுத்துவிடுவேன். தனியாக ஒரு த்ரெட் இந்தச் சிக்னல்களுக்காக சிக்வெயிட் ஃபங்ஷனில் காத்திருக்கும். சிக்னல் வந்ததும் ஒரு பைப்பில் (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கும் குழாய்) ஒரே ஒரு பைட் எழுதும். மற்ற த்ரெட்கள் தங்கள் சாக்கெட்டோடு அந்தப் பைப்பையும் சேர்த்து 'போல்' (poll) செய்கின்றன, அதாவது எதில் டேட்டா வந்தாலும் எழும்படி காத்திருக்கின்றன. அந்த பைட்டை யாரும் படிக்கக் கூடாது. படிக்காமல் விட்டால் அது அங்கேயே கிடக்கும், எல்லோரையும் எழுப்பும். (புதிய கனெக்‌ஷன்கள் வரும் லிசனிங் சாக்கெட் நான்-பிளாக்கிங்காக, அதாவது காத்திருக்காமல் உடனே திரும்புவதாக, இருக்கட்டும்; இல்லையென்றால் கனெக்‌ஷன் வந்ததாக 'போல்' சொன்ன பிறகு, அக்செப்டுக்கு முன் கிளையண்ட் ஓடிவிட்டால் அக்செப்டில் மாட்டிக்கொள்வீர்கள்.)

அப்புறம், நிறுத்தும் வரிசை. லிசனிங் சாக்கெட்டை மூடு, வேலைக்காக க்யூவில் காத்திருக்கும் வொர்க்கர்களை நோட்டிஃபை_ஆல் கொண்டு எழுப்பு, கையிலுள்ள ரிக்வெஸ்ட்டை முடிக்க விடு, ஜாயின் செய் (த்ரெட்கள் முடியும்வரை காத்திரு). அடுத்த ரிக்வெஸ்ட்டுக்காக சும்மா திறந்திருக்கும் கீப்-அலைவ் கனெக்‌ஷன்களுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கடைசிப் பதிலை அனுப்பிய கையோடு க்ளோஸ் செய்யாதீர்கள். படிக்காத டேட்டா பஃபரில் மிச்சமிருந்தால் கர்னல் ரீசெட் (கனெக்‌ஷனைச் சட்டென்று முறிக்கும் செய்தி) அனுப்பும், கிளையண்டிடம் பதில் போய்ச் சேராமலே போகலாம். எழுதும் பக்கத்தை மட்டும் ஷட்டவுன் செய்து, ரீட் 0 தரும்வரை படித்துவிட்டு மூடுங்கள்.

சரி, எவ்வளவு நேரம் காத்திருப்பது? சர்வரை டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டினால், 'டாக்கர் ஸ்டாப்' லினக்ஸ் கன்டெய்னருக்கு இயல்பாகக் கொடுப்பது 10 விநாடி, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் கொடுப்பது 30. அதற்குப் பிறகு சிக்கில் (SIGKILL), புரோகிராமை உடனே கொல்லும் சிக்னல், அதை யாராலும் பிடிக்க முடியாது. அதனால் 8 விநாடி ஆனதும் மிச்சமுள்ள சாக்கெட்களை நானே இருபக்கமும் ஷட்டவுன் செய்துவிடுவேன். ரிசீவில் (டேட்டா வரக் காத்து) தூங்குகிற வொர்க்கர் எழுந்து, மூடும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை கண்ட்ரோல்-சி வந்தால் சிக்வெயிட் த்ரெட் நேராக _எக்ஸிட் (எதற்கும் காத்திராமல் புரோகிராமை உடனே முடிக்கும் ஃபங்ஷன்) செய்துவிடட்டும். டீபக் செய்யும்போது அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது.