இறக்கிய ட்ரக்கில் கார் வீலை ஸ்பேசர் வைத்து மாட்டலாமா?

கேள்வி: ட்ரக்கின் உயரத்தை முன்னால் 2 இன்ச், பின்னால் 3 இன்ச் இறக்கியிருக்கிறேன். கார் வீல் ஒரு செட் கிடைத்திருக்கிறது. உள்பக்கம் உரசும் என்கிறார்கள். ஸ்பேசர், அதாவது வீலை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் தட்டு, போட்டு மாட்டலாமா, அது ஆபத்தா?

மாட்டலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீல் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது, டயரும் ஏற்றியாகிவிட்டது, இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்த்தே தீருவது என்று கை துறுதுறுக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நானும் அதே நிலையில்தான் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் படித்துவிடுங்கள்.

என்னுடையது பின் சக்கரம் இழுக்கும் ஷெவர்லே எஸ்-10. முன்னால் டிராப் ஸ்பின்டில், பின்னால் லீஃப் ஸ்ப்ரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே பிளாக், இரண்டுமே வண்டியைத் தாழ்த்தப் போடுபவை. ஒரு காரிலிருந்து கழற்றிய 17 இன்ச் அலாய் வீல் நான்கு வாங்கினேன். ஐந்து துளை, பி.சி.டி. 120, அதாவது ஐந்து துளைகளின் நடுப்புள்ளி வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் 120 மி.மீ. என் ட்ரக்கின் ஹப், அதாவது வீல் மாட்டும் நடுப்பகுதி, 120.65. விற்றவர் "அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், எல்லாரும் மாட்டுகிறார்கள், நட்டை இறுக்கினால் தானாக உட்கார்ந்துவிடும்" என்றார். நம்பினேன், ஏனென்றால் மாட்டிப் பார்த்தபோது ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரை ஆணிகளான ஸ்டட் ஐந்தும் துளைக்குள் நுழைந்தன.

நுழைவது வேறு, உட்காருவது வேறு. இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

வீல் உள்ளே போனது, ஆனால் முன்பக்கம் உள்விளிம்பு, ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட் முனையோடு ஒரு காகிதம் நுழையும் இடைவெளியில் நின்றது. அதற்காக 10 மி.மீ. தட்டை ஸ்பேசர் இரண்டு வாங்கிச் செருகினேன். நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் பல பி.சி.டி.க்குப் பொருந்துகிற மாதிரி நீள்துளைகள், எந்த வண்டிக்கும் போடலாம் என்று விற்பார்களே, அந்த ரகம். நட்டைக் கையால் திருகினேன், நாலரை சுற்றில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன், நன்றாகவே இறுகியது. இறுகியதே போதும் என்று நினைத்தேன்.

90 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். டயர் கடையில் இரண்டு முறை பேலன்ஸ் பார்த்தார்கள். மெஷினில் வீல் சுத்தமாக இருக்கிறது, வண்டியில் மாட்டினால் நடுங்குகிறது. டயர் வட்டமாக இல்லை என்றார் ஒருவர், சஸ்பென்ஷன் புஷ் போய்விட்டது என்றார் இன்னொருவர். நான் புஷ்ஷை மாற்றக்கூடத் தயாராகிவிட்டேன். அப்புறம் ஏறத்தாழ 400 கி.மீ. ஓடியிருக்கும், ஒரு மாலை என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். மெதுவாகப் போகும்போது முன்பக்கம் இடது புறத்திலிருந்து டக்… டக்… என்று ஒரு சத்தம், சக்கரத்தின் சுற்றுக்குச் சரியாகத் தாளம் போட்ட மாதிரி. ஓரங்கட்டி நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டு விரலால் சுழல்கிறது, ஒரு ஸ்டட் நட்டோடு சேர்ந்து இல்லவே இல்லை. உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். பாதி வழவழப்பாகவும் பாதி சொரசொரப்பாகவும் இருந்தது. ஒரே அடியில் உடைந்ததல்ல அது, நாள்பட விரிசல் விட்டு, மிச்சம் இருந்தது அன்று போயிருக்கிறது. 235/50 ஆர் 17 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 சுற்று சுற்றும். 400 கி.மீ.க்கு 1,90,000 சுற்று. அத்தனை சுற்றிலும் அந்த ஸ்டட் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வண்டியைத் தூக்கி வந்து வீலைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நட்டு உட்காரும் கூம்புப் பள்ளம் ஐந்திலும், வெளிப்பக்கமாக மட்டும் பிறை வடிவத்தில் ஒரு பளபளப்பு. உள்பக்கத்துப் பெயின்ட் புதிதாக அப்படியே இருக்கிறது. அதாவது நட்டின் கூம்பு முழு வட்டமாக உட்காரவே இல்லை, ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. பி.சி.டி. வித்தியாசம் 0.65 என்றால் ஒவ்வொரு ஸ்டட்டும் துளையின் நடுவிலிருந்து 0.325 மி.மீ. விலகி நிற்கிறது. கேட்க ஒன்றுமில்லை மாதிரிதான் இருக்கும். கூம்புக்கு அது போதும்.

வீலைத் தாங்குவது ஸ்டட் அல்ல. ஸ்டட் இழுபட்டு, வீலின் முகத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் சுமையையும் பிரேக்கையும் தாங்குகிறது. நட்டு சரியாக உட்காரவில்லை என்றால், மரை போதுமான அளவு பிடிக்கவில்லை என்றால் அந்த அழுத்தம் குறையும், வீல் நகர ஆரம்பிக்கும், ஸ்டட் வளைய ஆரம்பிக்கும். என் ஸ்டட் 12 மி.மீ. விட்டம், மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது நட்டு ஏற வேண்டும் என்பது பழைய கணக்கு. 12 மி.மீ. என்றால் எட்டுச் சுற்று. எனக்கு நாலரைதான் ஏறியது, 7 மி.மீ.கூட இல்லை. மிச்சத்தை ஸ்பேசர் தின்றுவிட்டது.

நடுக்கத்துக்குக் காரணம் இன்னொன்று. என் ஹப்பின் நடுமேடு 70.3 மி.மீ. வீலின் நடுத்துளை 72.6. இடையில் 2.3 மி.மீ. காலி. போதாக்குறைக்குத் தட்டை ஸ்பேசர் அந்த மேட்டையே மூடிவிட்டது, வீலை நடுவில் நிறுத்த எதுவுமே இல்லை. பேலன்ஸ் மெஷினோ வீலை நடுத்துளையில் பிடித்துச் சுற்றுகிறது, அதனால் அங்கே ஒரு குறையும் தெரியாது.

"நான் 5 வருடமாக 120 வீலை 120.65 ஹப்பில் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவராவது கீழே வந்து எழுதுவார் என்று தெரியும். இருக்கலாம், உங்களுக்கு மரை முழுக்க ஏறியிருக்கும், நடுத்துளை இடைவெளியை அடைக்கும் வளையம் போட்டிருப்பீர்கள், அடிக்கடி இறுக்கிப் பார்ப்பவராக இருப்பீர்கள். எனக்கு நடந்ததை நான் சொல்கிறேன். அதேபோல் "ஸ்பேசர் என்றாலே எமன்" என்று சொல்பவர்களையும் நான் ஏற்கவில்லை. அதே வீல் இன்றைக்கும் என் வண்டியில்தான் ஓடுகிறது, ஸ்பேசரோடுதான்.

இப்போது போட்டிருப்பது 25 மி.மீ. அடாப்டர், ஸ்பேசரிலேயே சொந்த ஸ்டட் உள்ள ரகம். கெட்டி அலுமினியத்தில், 6061-டி6 என்கிற ரகத்தில் கடைந்தது. இது ஹப்பில் 120.65இல் தனி நட்டுகளால் இறுகும், இதன் சொந்த ஸ்டட்டுகள் 120இல் நிற்கும், வீல் அதில் இறுகும். உள்பக்கம் 70.3 துளை ஹப்பைக் கவ்வும், வெளிப்பக்கம் 72.6 மேடு வீலைக் கவ்வும். இரண்டு பக்கமும் நடு பிடிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், ஒரு பக்கம் மட்டும் என்றால் வேண்டாம். பின் டிரம்மில் மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். தொழிற்சாலையில் டிரம் விழாமல் இருக்க ஸ்டட்டில் மெல்லிய தகட்டு வாஷர் ஒன்று குத்தி வைத்திருப்பார்கள். பழைய வண்டியில் அது துருவோடு சேர்ந்து கண்ணுக்கே தெரியாது. எனக்கு ஒன்று விட்டுப்போய் அடாப்டர் அந்த இடத்தில் தூக்கி நின்றது, முகத்தோடு முகம் சேரவில்லை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்துத்தான் பிடித்தேன். கட்டரால் நறுக்கி எடுத்துவிட்டு, ஹப் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் வெள்ளை உலோகம் தெரியும் வரை தேய்த்தேன். இன்னொன்று, பழைய ஸ்டட்டின் முனை அடாப்டரைத் தாண்டி வெளியே நீட்டினால், வீலின் முதுகில் அதற்குப் பள்ளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீல் அந்த முனைகள் மேல்தான் உட்காரும்.

25 எப்படி முடிவு செய்தேன் என்றால், கணக்குதான். ஆஃப்செட் என்பது வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்போடு ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்பது. உதாரணத்துக்கு உங்கள் பழைய வீல் 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 10, புதியது 8 இன்ச், ஆஃப்செட் 35 என்று வைத்துக்கொள்வோம். அகலம் ஒரு இன்ச் கூடினால் பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் வித்தியாசம் 25. உள்பக்கம் 12.7ஐயும் 25ஐயும் கூட்டினால் 37.7 மி.மீ. உள்ளே நெருங்கும், வெளிப்பக்கம் 12.3 மி.மீ. உள்வாங்கும். அதில் 25 ஸ்பேசர் போட்டால் இரண்டு பக்கமும் 12.7 மட்டும்தான் கூடும். இந்த நாலு எண்ணை எழுதாமல் யாரும் உங்களுக்கு "இத்தனை மி.மீ. போடுங்கள்" என்று சொன்னால் அது ஊகம்.

இறக்கிய வண்டியில் வெளியே வரும் அந்த 12.7தான் அடுத்த தலைவலி. நிற்கும்போது இடம் இருக்கும், பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டின் மடிப்பு விளிம்பு டயரின் தோளைச் சீவும். அதனால் ஜாக்கியை சஸ்பென்ஷனின் கீழ்க் கைக்கு அடியில் கொடுத்து, மேலே முட்டும் ரப்பரான பம்ப் ஸ்டாப் தொடும் வரை சஸ்பென்ஷனை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். பின்னால் இன்னும் முக்கியம். 3 இன்ச் இறக்கினாலே ஆக்ஸில் குழாய்க்கும் சேஸிக்கும் நடுவே கொஞ்சம்தான் இடம், சுமை ஏற்றினால் அதுவும் போய்விடும். அதோடு வீல் வெளியே போகப் போக ஸ்டியரிங் சாலையின் தடத்தைப் பிடித்து இழுக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். அளவு மிஞ்ச வேண்டாம்.

கார் வீல் என்றீர்கள், அதனால் சுமைக் கணக்கு கட்டாயம். கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் எத்தனை கிலோ என்று இருக்கும், அதில் பாதியை ஒரு வீல் தாங்க வேண்டும். வீலின் முதுகில் தாங்கும் அளவு வார்த்திருந்தால் பாருங்கள். டயரில் சுமை எண் 94 என்று போட்டிருந்தால் 670 கிலோ, ஆனால் கார் டயரை ட்ரக்கில் போடும்போது அதை 1.1ஆல் வகுக்க வேண்டும், 609தான் கணக்கு.

"ட்ரக்கை ஏன் இறக்கினாய், சுமை ஏற்றத்தானே அது" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. உங்களிடமும் கேட்டிருப்பார்கள். ஜிஎம்சி 1991இலேயே சைக்ளோன் என்று ஒரு தாழ்வான ட்ரக்கைத் தொழிற்சாலையிலிருந்தே விற்றது, என் எஸ்-10இன் உடன்பிறப்பான சொனோமாவை வைத்துச் செய்தது. டர்போ, 280 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை. அதில் 500 பவுண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், அதாவது ஏறத்தாழ 227 கிலோ. அதே மாதிரி ஓட்டி ரசிக்கிற ட்ரக்கான ஃபோர்டு லைட்னிங் 1993இல் வந்தது. ரசித்து ஓட்டுவதற்காகவும் ட்ரக் செய்யலாம் என்று அதைச் செய்கிறவர்களே ஒப்புக்கொண்டதுதான், இதற்கு நாம் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நட்டை இறுக்க, குறித்த அளவுக்கு இறுகியதும் காட்டிக்கொடுக்கும் டார்க் ரெஞ்ச் சொந்தமாக வாங்குங்கள். வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு நட்சத்திர வரிசையில், அடாப்டருக்கு ஒரு முறை, வீலுக்கு ஒரு முறை. 80 முதல் 100 கி.மீ. ஓட்டியபின் வீலைக் கழற்றி அடாப்டர் நட்டையும் மறுபடி பார்க்க வேண்டும், வெளி நட்டை மட்டும் பார்த்து விட்டுவிடுகிறார்கள். டயர் கடையில் ஏர் கன் வைத்து அடிக்க விடாதீர்கள். டார்க் ரெஞ்சை இரவலும் கொடுக்காதீர்கள், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னுடையதை நண்பர் ஒருவர் வாங்கிப் போய்த் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற நெம்புகோலாகப் பயன்படுத்திவிட்டு, அளவைக் கடைசிவரை ஏற்றிய நிலையிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்து கொடுத்தார். சோதித்துப் பார்த்தால் காட்டுவது ஒன்று, இறுகுவது வேறு. "ஒரு ஸ்பேனருக்கா இவ்வளவு பேச்சு" என்றார். இன்னும் எனக்கு ஆறவில்லை. என் குழந்தை உட்காரும் பக்கத்து வீலை அதை நம்பித்தான் இறுக்குகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீலின் முதுகில் அகலமும் ஈ.டி. என்று ஆஃப்செட்டும் வார்த்திருக்கும், அந்த இரண்டு எண், நடுத்துளையை வெர்னியர் வைத்து அளந்த எண், பழைய வீலிலும் இதே மூன்று, பிறகு நட்டு கையால் எத்தனை சுற்று ஏறுகிறது என்பது. இவ்வளவையும் கீழே எழுதுங்கள், எத்தனை மி.மீ. வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை பழைய வீலிலேயே ஓட்டுங்கள்.