கழுத்துக் கட்டிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்ல ஹைலம்னு போட்டிருக்கு, கேன்சரா டாக்டர்?

அந்த ரிப்போர்ட்ல கேன்சர்னு சொல்ற மாதிரி எதுவுமே இல்ல. உங்களை ராத்திரி தூங்க விடாத ‘ஃபேட்டி ஹைலம் ப்ரிசர்வ்டு’, அதாவது ஹைலம் கொழுப்போட அப்படியே இருக்குங்கற வரிதான் அதுலயே நல்ல வரி. நீங்க ஹைலம்னா என்னன்னு நெட்ல தேடி, தழும்புன்னு வந்ததைப் பார்த்து, கழுத்துக்குள்ள ஏதோ புண்ணு ஆறியிருக்கு, அது நாளைக்கு கேன்சராகும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நீங்க படிச்சது தாவரவியல்ங்க!

அவரை விதை ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு இருக்கும்ல, விதை காய்க்குள்ள காம்போட ஒட்டியிருந்த இடம், அதுதான் செடிக்காரங்களோட ஹைலம், அவங்களுக்கு அது நிஜமாவே தழும்பு. எங்களுக்கு அது வாசல். கிட்னி, நுரையீரல், மண்ணீரல், நெறிக்கட்டி (நிணநீர் முடிச்சு, உங்க கழுத்துல இருக்கறதும் அதுதான்) எல்லாத்துலயும் ரத்தக்குழாய் உள்ள போயி வெளிய வர்ற இடம். லத்தீன்ல அந்த வார்த்தைக்கு அற்ப விஷயம்னு அர்த்தம், அதுக்கா இவ்ளோ பயந்தீங்க.

நல்ல நெறிக்கட்டி ஸ்கேன்ல அவரை விதை மாதிரியே நீளவாக்குல இருக்கும், நடுவுல ஹைலம் கொழுப்போட வெள்ளையா தெரியும். கேன்சர் உள்ள பூந்தா பெரும்பாலும் அந்த வெள்ளை அழிஞ்சு கட்டி உருண்டையாகிடும். உங்களுக்கு ரெண்டும் இல்ல, சைஸும் 8 மில்லிமீட்டர்தான். நீங்க எழுதியிருக்கற முடி கொட்றது, கை மரத்துப்போறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆனா ஹைலம் தெரியுதுன்னா நூத்துக்கு நூறு சேஃப்னு எழுதிக்குடுக்க முடியாது, அதனால ஒண்ணை மட்டும் கவனிங்க. வலியே இல்லாம, கல்லு மாதிரி கெட்டியா, தொட்டா நகராம, வாராவாரம் வளர்ற கட்டி, அதுவும் காலர் எலும்புக்கு மேல வந்தா ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க, ஊசி போட்டு எடுத்தோ பயாப்ஸி (சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்) பண்ணியோ பாத்தே ஆகணும். உங்க கட்டியும் நாலு வாரத்துல சுருங்கலன்னா திரும்ப காட்டுங்க. அதுவரைக்கும் தினம் பத்து தடவை அமுக்கிப் பாக்காதீங்க, அமுக்கினா வலிக்கத்தான் செய்யும்.

ஃப்ரெண்ட் குடுத்தார்னு ஸ்டீராய்டு மாத்திரை போட்டதுதான் எனக்கு கோவம். சில லிம்போமா, அதாவது நெறிக்கட்டியில வர்ற கேன்சர் கூட ஸ்டீராய்டுல தற்காலிகமா சுருங்கும், ஆள் குணமாகிட்டேன்னு நினைச்சுப்பார், அப்புறம் பயாப்ஸி எடுத்தாலும் சரியா தெரியாது. ரெண்டு நாள்தான் போட்டிருக்கீங்க, அதோட விடுங்க.

உங்க கேள்வியோட கடைசி வரில போற போக்குல கடவாப்பல்லு வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, தாடைக்குக் கீழ நெறி கட்ட அது போதும். முதல்ல பல் டாக்டர்கிட்ட போங்க.