தலைஞாயிறு வயலில் சாம்பல் மண்: எலுமிச்சை வைக்கலாமா?
வணக்கம் சகோ. நாகைக் கடலோரத் தலைஞாயிறு பக்கத்து வயலில் ஒரு முழம் தோண்டியதுமே சாம்பல் நிற மண், நடுவில் துருப்புள்ளி, அழுகிய முட்டை நாற்றம் என்று எழுதியிருந்தீர்கள். எலுமிச்சை வேண்டாம், வேர் அழுகிவிடும்.

மாதக்கணக்கில் நீர் நின்று காற்று அற்றுப்போனால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பை இழந்து சாம்பலாகும். பழைய வேர்த்துளை வழியே காற்று நுழையும் இடத்தில்தான் அந்தத் துரு. சாம்பல் மண் தொடங்கும் ஆழம் வரை மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகால் வெட்டினாலும் கடல் ஓதம் ஏறும்போது தண்ணீர் வெளியேறாது.

சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகம் போடுங்கள், சில நாள் மூழ்கினாலும் தாங்கும். ஜிப்சம் கொட்டுமுன் கோடையில் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். ஜிப்சம் களர் (சோடியம் மிகுந்த) மண்ணுக்குத்தான்; வெறும் உவர் (உப்பு மிகுந்த) மண் என்றால் நல்ல நீர் கட்டி வடிக்க வேண்டும். மரம்தான் வேண்டுமென்றால், சரி, மேடு கட்டித் தென்னை வையுங்கள்.