மூன்றரை மணிக்கு வீட்டில் யார்?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். நான்கு வருடங்களாக வீட்டிலிருந்தே வேலை. அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் வந்தாக வேண்டும் என்று மெயில் வந்திருக்கிறது. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். மகளுக்கு ஏழு வயது, பள்ளி விட்டு மூன்றரைக்கு வந்துவிடுவாள். மாமியாருக்கு மூட்டுவலி, வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். சும்மா இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். டீமில் பாதிப் பேர் வேறு நாட்களில் வருகிறார்களாம். அங்கே போயும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ காலில்தான் உட்கார்ந்திருந்தேன். இதற்கா இத்தனை அலைச்சல் என்று அழுகையே வந்துவிட்டது. கணவரோ “போகப் போகப் பழகிவிடும்” என்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: ராஜினாமாவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அழுகை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டரை மணி நேரம் பயணம் செய்து, வீட்டில் பார்த்த அதே முகங்களை அதே திரையில் பார்த்தால் யாருக்கும் வரும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறைதான் ஒன்று கண்ணில் பட்டது. மகள் மூன்றரைக்கு வருவது, மாமியாரின் பிசியோதெரபி எல்லாம் உங்கள் கவலையாகவே எழுதியிருக்கிறீர்கள். கணவர் கடைசியில் வந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் இந்த நான்கு வருடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அழைப்புமணி அடித்தால் கதவு திறப்பது நீங்கள். குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் கூட நிற்பது நீங்கள். பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுப்பதும் நீங்கள்தான். யாரும் உட்கார்ந்து பேசி இப்படி முடிவு செய்யவில்லை. நீங்கள் கண்ணெதிரே இருந்தீர்கள், ஒவ்வொன்றாக உங்கள்மேல் வந்து விழுந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. பாதிச் சிக்கல் அலுவலகத்தில் இருக்கிறது, மீதிப் பாதி இங்கே. மேனேஜரிடம் பேசுவதற்கு முன் வீட்டில் பேசுங்கள் என்பேன்.

வெறுங்கையோடு பேச வேண்டாம். ஒரு வாரம், அலுவலக நேரத்துக்குள் நீங்கள் செய்த அலுவலகம் சாராத எல்லா வேலையையும் குறித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலையையும் விடாதீர்கள். கணக்குக் காட்டிச் சண்டை போடுவதற்காக இல்லை (போட்டால்தான் என்ன, அது வேறு விஷயம்). பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, நீங்கள் இல்லாத நாளில் யார் என்று ஒரு பெயர் வர வேண்டும். “பார்த்துக்கொள்ளலாம்” என்பது யாருடைய பெயரும் இல்லை. பிசியோதெரபியை நீங்கள் வீட்டிலிருக்கும் நாளுக்கு மாற்றி, அதையும் உங்கள் தலையிலேயே கட்டிவிடப் பார்ப்பார்கள். சம்மதிப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டில் இருக்கிற நாளும் வேலை நாள்தான்.

சரி, இனி அலுவலகம். “எனக்கு மட்டும் விலக்கு தாருங்கள்” என்று கேட்டால் அநேகமாகக் கிடைக்காது, கிடைத்தாலும் மற்றவர்களின் பொறாமை கூடவே வரும். “எங்கள் டீம் முழுக்க ஒரே மூன்று நாட்களில் வருகிறோம்” என்று கேளுங்கள். நீங்கள் டீம் லீட், கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள். சொல்வதற்கு ஆதாரமும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவரோடு சேர்ந்தவர்களும் ட்ரிப்.காம் என்ற சீன நிறுவனத்தில் 2021-22ல் ஆறு மாதம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 1,600க்கும் மேற்பட்ட ஊழியர்கள். ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், இரட்டைப்படைக்காரர்கள் ஐந்து நாளும் வர வேண்டும். வீட்டு நாள் கிடைத்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும் தூரத்திலிருந்து வருகிறவர்களிடமும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. வேலை மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ அவர்கள் பின்தங்கவில்லை. 2024ல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, திங்கள், செவ்வாய், வியாழனில் எல்லாருமே அலுவலகத்தில் இருந்தார்கள் என்பது. உங்களுக்கும் அதே மூன்று நாள்தான் விதித்திருக்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு நாளாக. அந்த மெயிலை எழுதியவர்கள் கோட்டை விட்ட இடம் இதுதான்.

அந்த மூன்று நாளில் பேச்சு வேலைகளை வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவது, மெயிலில் இழுத்துக்கொண்டே போகிற வாக்குவாதத்தை நேரில் முடிப்பது, இப்படி. வெளியூர் ஆட்களோடு வீடியோ கால், கவனம் சிதறாமல் எழுத வேண்டியவை எல்லாம் வீட்டு நாளுக்கு. காலையில் நெரிசலுக்கு முன் கிளம்பி மாலையில் சீக்கிரம் திரும்ப முடியுமா என்றும் கேளுங்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதே நிறுவனத்தின் கால் சென்டரில் 2010ல் தொடங்கிய முந்தைய பரிசோதனையில், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. அப்படியிருந்தும் முடிவில், விருப்பம்போல் இருக்கலாம் என்றதும் ஏறக்குறையப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை ஒரு பெரிய காரணம். இந்த நான்கு வருடத்தில் உங்களுக்கு அப்படி எதுவுமே தோன்றவில்லையா? கடிதத்தில் ஒரு தோழியின் பெயர்கூட இல்லையே என்பதால் கேட்கிறேன்.

மூன்று மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் முடியவில்லையென்றால், இந்த வேலையில் இருந்துகொண்டே வேறு தேடுங்கள். கிடைக்கிற இடத்தில் வீட்டிலிருந்து வேலை என்று வாயால் சொன்னால் போதாது, பணி நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் இதே மெயில் அங்கேயும் ஒருநாள் வரும்.

அதற்கு முன், மூன்றரை மணிக்கு மகளுக்குக் கதவு திறக்கப் போவது யார் என்பதை இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் முதல் சில வாரம் தள்ளாடினாலும் பரவாயில்லை.